கத்திரி வெயிலில் கரண்ட் பில்: மதுரை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் வீடுகளுக்கு வயரிங் பார்ப்பதும் என் தொழில். பங்குனி பிறந்துவிட்டால் எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்து பையைக் கட்டும் நேரத்தில் கரண்ட் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்பார். நரிமேட்டில் கேட்டதையே வில்லாபுரத்திலும் கேட்பார்கள், திருநகரிலும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

யூனிட், யூனிட் என்கிறீர்களே, ஒரு யூனிட் என்றால் என்ன அண்ணே?

1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரத்தில் சாப்பிடுவதை 75 வாட் ஃபேன் சாப்பிட 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 வாட் எல்.இ.டி. பல்புக்கு 100 மணி நேரம் ஆகும். எந்தச் சாமானுக்கும் முதுகிலோ அடியிலோ வாட் எழுதிய தகடு இருக்கும். அந்த எண்ணை ஓடும் மணியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

100 யூனிட் இலவசம் என்பது மாதத்துக்கா, இரண்டு மாதத்துக்கா?

இரண்டு மாதத்துக்கு. 2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட சலுகை அது. நாளொன்றுக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு.

கோடையில் மட்டும் பில் ஏன் இரண்டு மடங்காகிறது? நாங்கள் புதிதாக எதையும் வாங்கவில்லையே.

வாங்க வேண்டியதே இல்லை. பழைய சாமான்களே கூடுதலாக உழைக்கின்றன. மார்கழியில் இரவு மட்டும் சுற்றிய ஃபேன் சித்திரையில் இருபது மணி நேரம் சுற்றுகிறது. சமையலறை சூடாக இருப்பதால் பிரிட்ஜ் இளைப்பாறுவதே இல்லை. போர் தண்ணீர் கீழே இறங்கிவிட்டதால் அதே தொட்டியை நிரப்ப மோட்டார் கூடுதல் நேரம் ஓடுகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு உறவினர்கள் வேறு வந்து தங்குகிறார்கள்.

அதற்கு மேல் கட்டணப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். 500 யூனிட் வரை பயன்படுத்துபவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1725 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகை மறைந்துவிடும். 101 முதல் 400 வரை எல்லாமே நாலரை ரூபாய், 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2030 ரூபாய் வரும். கடைசிப் பத்து யூனிட்டுக்காக 305 ரூபாய் கொடுக்கிறீர்கள். அந்தப் பட்டியலுக்குப் பிறகு விலை சற்று ஏறியிருக்கிறது, ஆனால் இந்த 500 என்ற வாசற்படி அப்படியே இருக்கிறது. கோடையில் உங்கள் வீடு 480-லிருந்து 540-க்குள் வந்து நிற்கிறதென்றால், எதைக் குறைப்பது என்று தேடிப் பார்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

மீட்டரில் என்னென்னவோ எண்கள் ஓடுகின்றன. எதைப் பார்ப்பது?

கே.டபிள்யூ.எச். என்ற ஆங்கில எழுத்துகளுடன் வரும் எண்தான் உங்கள் ரீடிங். கணக்கெடுத்துப் போன அன்று அதைக் காலண்டரில் எழுதுங்கள். பிறகு ஞாயிறுதோறும் ஒரு முறை எழுதுங்கள். 30-ஆம் நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் வாசற்படி இடறப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கணக்கெடுப்பு பல நாள் தள்ளிப்போனால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே கணக்கில்தான் ஏறும். அதனால் தேதியும் முக்கியம். தாமதமானால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னுவதையும் பாருங்கள். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தால், 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு நிமிடத்தில் 32 தடவை மின்னுகிறதென்றால் அந்த நேரத்தில் வீடு 600 வாட் இழுக்கிறது. 75 வாட் ஃபேன் ஒன்று மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு 4 தடவை மின்னும். சில மீட்டர்களில் எண் வேறாக இருக்கும். கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு சாமானாகப் போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே எண்ணி எழுதிவிடுவார்கள். எந்தக் கருவியும் வாங்காமல் வீட்டின் உண்மையான கணக்கு கைக்கு வந்துவிடும்.

ஃபேனை மெதுவாக வைத்தால் கரண்ட் குறையுமா?

ரெகுலேட்டரைப் பொறுத்தது. சுவிட்ச் பலகையில் பெரிய சதுரப் பெட்டியாக, தொட்டால் சுடுகிற பழைய ரெகுலேட்டர் என்றால், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாகும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அது சூடாக்கிப் போக்கிவிடும். சிறிய குமிழ் வடிவ எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் உண்மையாகவே குறையும். பழைய பெட்டி இருக்கும் வீட்டில் நான் முதலில் மாற்றச் சொல்வது அதைத்தான்.

ரிமோட்டுடன் வருகிற புது ஃபேன் வாங்கலாமா? விலை அதிகமாக இருக்கிறதே.

அதற்கு பி.எல்.டி.சி. ஃபேன் என்று பெயர். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி இழுக்கும். நாளுக்கு 18 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் பழையது 81 யூனிட், புதியது 32 யூனிட். ஏறக்குறைய 50 யூனிட் மிச்சம். வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் சுற்றும் கூடத்து ஃபேன், படுக்கையறை ஃபேன் இரண்டை மட்டும் மாற்றுங்கள். சாமி அறை, விருந்தினர் அறை பழையதோடு இருக்கட்டும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

மேல்மாடி வீடு எங்களுடையது. நடுப்பகலைவிட இரவு ஒன்பது மணிக்குத்தான் அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது. ஏன் அப்படி?

கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சூடு தளத்தின் மேலிருந்து கீழே இறங்கி வர சில மணி நேரம் ஆகிறது. மதியம் 2 மணிக்கு மேலே விழுந்த வெயில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் தலைமேல் இறங்குகிறது. அந்த நேரத்தில் ஸ்டூலில் ஏறி உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல்லை அணைத்துச் சற்று நேரம் ஆனது போல் இருக்கும். கீழே சுற்றும் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் உங்கள்மீது தள்ளுகிறது. அந்த அறையில் ஏ.சி. வைத்தால் இரவு பாதி நேரம் அது கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலை மொட்டை மாடியில்தான் தொடங்குகிறது என்று நான் சொல்கிறேன். கறுத்துப்போன சிமெண்ட் தரை வெயிலை வாங்கிக்கொள்ளும், வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும். வசதி இருப்பவர்கள் வெள்ளை ஓடு பதிக்கலாம், அல்லது கூரைக்கென்றே விற்கும் வெள்ளைப் பூச்சை அடிக்கலாம். வசதி இல்லாதவர்கள் சுண்ணாம்பை நீர்க்க வைத்து, கொஞ்சம் பசை கலந்து, பங்குனியில் இரண்டு கை பூசினால் போதும். மழையில் கரைந்துவிடும், ஆண்டுதோறும் பூச வேண்டும். பூசும் முன் பாசியையும் தூசியையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் பிடிக்கும்.

மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடுகளில் நடுப்பகலில் வேலை பார்த்திருக்கிறேன். மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கனமான கூரை, நடுவில் முற்றம், இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெயில் நேராக விழும் இடமே குறைவு. அந்த வீடுகளை இடித்துவிட்டு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாயங்காலம் மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் குளிருமே?

குளிரும். ஆனால் ஊற்றிய தண்ணீர் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும், அடுத்த குடம் கேட்கும். மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருக்களில் இதை நான் சொல்ல மாட்டேன். போர் தண்ணீர் என்றாலும் அதை மேலே ஏற்றியது மோட்டார்தான். துணி அலசிய தண்ணீர் இருந்தால் சூரியன் இறங்கிய பிறகு ஊற்றுங்கள். மாடியிலேயே படுக்கப்போகிறவர்களுக்கு அது தரையையும் ஆற்றும்.

பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது மூட வேண்டும், குளிர்ச்சியாக இருக்கும்போது திறக்க வேண்டும். மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையிலிருந்து 9 மணி வரை எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். 10 மணிக்கு மேல் வெயில் படும் பக்கத்து ஜன்னல்களை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். சூரியன் மறைந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் காற்று வீட்டைக் கடந்து போகும்.

திரையைவிட ஜன்னலுக்கு வெளியே கட்டும் தட்டி நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை தடுத்துப் பயனில்லை, அதற்குள் சூடு அறைக்குள் வந்துவிட்டது. மேற்கு ஜன்னலுக்குப் பனையோலைத் தட்டியோ பச்சை வலையோ கட்டினாலே வித்தியாசம் தெரியும்.

ஏர் கூலர் போதுமா, ஏ.சி. வாங்கத்தான் வேண்டுமா?

சென்னைக்காரர்கள் கூலரைக் குறை சொல்வார்கள். அங்கே கடற்காற்றில் ஈரம் அதிகம். நம் ஊர் வெயில் உலர்ந்த வெயில். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்வதுதான் கூலரின் வேலை என்பதால், காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். 150 முதல் 200 வாட் போதும். ஒன்றரை டன் ஏ.சி. அதைப்போல ஏழெட்டு மடங்கு இழுக்கும். ஆனால் கூலரை மூடிய அறையில் வைத்தால் ஈரம் சேர்ந்து புழுங்கும். ஜன்னலுக்கு முன்னால் வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிடுங்கள். மாலையில் மழை பெய்த நாளில் அது உதவாது, ஃபேனே போதும்.

போர் தண்ணீர் ஊற்றினால் பக்கவாட்டு மெத்தையில் உப்புப் படிந்து காற்று அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு முறை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது முழுக்க வடித்துத் துடையுங்கள். டெங்குக் கொசு முட்டையிடும் இடங்களில் கூலர் தொட்டி முக்கியமானது.

ஏ.சி.யை எத்தனையில் வைப்பது? 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்துவிடுமே.

குளிராது. 18 என்பது வேகம் அல்ல, எங்கே நிற்க வேண்டும் என்ற குறி. சாதாரண ஏ.சி.யில் 18-ல் வைத்தாலும் 26-ல் வைத்தாலும் முதல் அரை மணி நேரம் கம்ப்ரசர் ஒரே மாதிரிதான் ஓடும். 26-ஐத் தொட்டதும் ஒன்று நின்று இளைப்பாறும், மற்றது மதுரை வெயிலில் எட்டவே முடியாத 18-ஐத் துரத்திக்கொண்டு இரவு முழுக்க ஓடும். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி திறன் செயலகம் கணக்குச் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வரும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அதனால்தான் வந்தது. 26-ல் வைத்து ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுங்கள். உடம்புக்கு 24 போலவே இருக்கும்.

வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள். வெளிப்பெட்டிக்கு நிழல் தேவை, ஆனால் காற்று அடைபடக் கூடாது. குழாயில் சொட்டும் தண்ணீரைச் செடிக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள், அது வேண்டாம். அதில் தூசியும் உலோகக் கறையும் கலந்திருக்கும்.

3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் சொல்கிறார்கள். எது லாபம்?

எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பொறுத்தது. முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. இரவு எட்டு மணி நேரம், இரண்டு மாதம் என்றால் 480 மணி. அதாவது அந்த எண்ணில் 30 சதவீதம். 1000 என்று போட்டிருந்தால் ஒரு பில்லில் 300 யூனிட், 750 என்று போட்டிருந்தால் 225. சூடான மேல்மாடி அறையில் இதைவிடக் கூடும். மாசி முதல் ஆவணி வரை தினமும் போடுகிறவர்களுக்கு 5 ஸ்டார் லாபம். கத்திரி நாட்களில் மட்டும் போடுகிறவர்கள் 3 ஸ்டார் வாங்கி, மீதிப் பணத்தில் கூரைக்கு வெள்ளை அடிக்கலாம்.

இரவில் பிரிட்ஜை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் மிச்சம்தானே?

மிச்சம் இல்லை. இரவு ஏறிய சூட்டைக் காலையில் அது முழுமூச்சாக ஓடி இறக்க வேண்டும். இந்த வெயிலில் பாலும் மாவும் கெட்டுப்போவது தனி நட்டம். அதற்குப் பதிலாக, கதவின் ரப்பருக்கு நடுவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே ஒழுகுகிறது. சுவருக்கும் பிரிட்ஜுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பனிக்கட்டி விரல் கனத்துக்கு ஏறும்வரை விடாதீர்கள்.

குடிதண்ணீருக்கு மானாமதுரைப் பானை ஒன்றை வாங்கி வைத்தால், பிள்ளைகள் பிரிட்ஜ் கதவைத் திறக்கும் எண்ணிக்கை பாதியாகிவிடும். கூலர் குளிர்விக்கும் அதே விதிதான் பானையிலும் வேலை செய்கிறது. அதனால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

போன் சார்ஜரைப் பிடுங்கி வைக்கச் சொல்கிறார்களே?

பிடுங்கலாம், பில்லில் தெரியாது. டி.வி.க்குக் கீழே நாள் முழுக்க எரியும் செட்டாப் பெட்டியும் இணையப் பெட்டியும்தான் தெரியும். 10 வாட் பெட்டி ஒன்று அணையாமல் இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

மோட்டாருக்கு எவ்வளவு ஆகும்? எங்கள் வீட்டில் நிரம்பி வழிந்தால்தான் அணைப்போம்.

1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் இருபது நிமிடம் வழியவிட்டால் ஒரு பில்லில் 20 யூனிட்டும், அதோடு அத்தனை தண்ணீரும் போயிற்று. தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் போட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. முன்பு 30 நிமிடத்தில் நிரம்பிய தொட்டி இப்போது 50 நிமிடம் எடுக்கிறதென்றால், போர் தண்ணீர் இறங்கியிருக்கலாம், குழாயில் கசிவு இருக்கலாம், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் பலவீனமாகியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது முதலில் தெரியவரும்.

மாலை 7 மணியிலிருந்து 10 மணி வரை மோட்டாரைப் போடாதீர்கள். தெருவே விளக்கும் ஏ.சி.யும் போட்டிருக்கும் அந்த நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் அதே சுமையைத் தூக்க அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடாகும். கோடையில் என் கடைக்கு வரும் மோட்டார்களை மூடி கழற்றும்போதே வார்னிஷ் கருகிய வாடை அடிக்கும். செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய கம்பி புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். திரும்பக் கட்டும்போது பழைய கனத்திலேயே கம்பி போடச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய கம்பியில் மலிவாகக் கட்டிய மோட்டார் ஓடும், ஆனால் சூட்டில் மின்சாரத்தை இழந்துகொண்டே ஓடும். இதைச் சொல்வதில் எங்கள் தொழிலுக்குக் குறைவு எதுவும் இல்லை.

எங்கள் அம்மா பில்லுக்குப் பயந்து பகலில் ஃபேனே போடுவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

எண்ணிக் காட்டுங்கள். அனுப்பானடியில் ஒரு வீட்டுக்கு சுவிட்ச் மாற்றப் போயிருந்தேன். மதியம் 2 மணி. அந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். நிலைப்படியில் சாய்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பு கழுத்தோடு ஒட்டியிருந்தது. மகன் வெளியூரில் வேலை, பில் கட்டுவதும் அந்த மகன்தான். "பையனுக்குச் செலவு வைக்கக் கூடாது தம்பி" என்றார். நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் போட்டு, அவரை மீட்டர் முன்னால் நிறுத்தி எண்ணச் சொன்னேன். ஒரு நிமிடத்துக்கு நாலு தடவை. பிறகு ஃபேனை அணைத்து பிரிட்ஜைப் போட்டேன். எட்டுத் தடவை. அரை மணி நேரம் கழித்தும் எட்டுத்தான், கம்ப்ரசர் நிற்கவே இல்லை. கதவு ரப்பர் கிழிந்து, உள்ளே பனி மலையாக ஏறியிருந்தது. நாளுக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் அந்தப் பெட்டி சாப்பிட்டிருக்கிறது. ஃபேனை 18 மணி நேரம் போட்டிருந்தாலும் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

பெரியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கும் அறையில் ஃபேனை மிச்சப்படுத்தவே கூடாது. வீணாகும் இடம் வேறு எங்கோ இருக்கும், அதைத் தேடுங்கள். உடம்பு சுட்டு, பேச்சு குழறி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டுக்கொண்டே 108-க்கு அழையுங்கள்.

40 டிகிரிக்கு மேல் ஃபேன் போடக் கூடாது என்று படித்தேன். அப்படியானால் மேலே சொன்னது தவறா?

நீங்கள் படித்ததும் சரி. 40-க்குக் கீழே இருக்கும்போது மட்டும் ஃபேனை நம்புங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு மேல் வீசும் காற்று உடம்பைவிடச் சூடாக இருப்பதால் ஆற்றுவதற்குப் பதில் சுடும். ஆனால் இது அறைக்குள் இருக்கும் சூட்டின் கணக்கு. வெளியே 41 என்று செய்தியில் சொல்லும் நாளில், ஜன்னல் மூடி நிழலாக இருக்கும் கீழ்த்தள அறை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தகரக் கூரை வீடும் பூசாத மேல்மாடியும் அப்படி இல்லை. அங்கே சூடு உச்சத்தில் இருக்கும் மூன்று மணி நேரம் ஃபேனை நம்பி இருக்காமல் கைகால், கழுத்தை நனைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்கோ மரத்தடிக்கோ போய்விடுவது நல்லது. அறையில் சிறிய வெப்பமானி ஒன்றை மாட்டி வையுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்தபின் பில் கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையா?

ஓரளவு உண்மை. பேட்டரிக்குள் போடுவது முழுதாகத் திரும்பி வராது, நிறைந்த பிறகும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி காகிதக் கணக்கில் 1.8 யூனிட் வைத்திருக்கும். பழைய ஃபேன் இரண்டை ஓட்டும் நேரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டை ஓட்டும். பெரிய பேட்டரி வாங்கும் முன் ஃபேனை மாற்றுங்கள்.

நாங்கள் மூன்று குடித்தனம், ஒரே மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். இது நியாயமா?

மேலே சொன்ன 2022 பட்டியலையே போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு வீடும் 180 யூனிட் என்றால் மொத்தம் 540. வீட்டுக்காரருக்கு வரும் பில் 2270 ரூபாய். யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு விழுகிறது. 8 ரூபாய் நியாயம் இல்லை. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். மூன்று வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 180 ரூபாய், மூன்றும் சேர்த்து 540 ரூபாய்தான். ஒரே மீட்டர் என்பதால் மூன்று குடும்பமும் சேர்ந்து 500 என்ற வாசற்படியில் இடறுகிறது. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள பகுதிக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்தக் கணக்கை எழுதிக் காட்டினால் பல வீட்டுக்காரர்கள் சம்மதிக்கிறார்கள், சண்டையாகத் தொடங்கினால் நடப்பதில்லை.

சோலார் போட்டால் கரண்ட் கட் ஆனாலும் ஏ.சி. ஓடும்தானே?

இதைப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த அமைப்பு வேறு, விலையும் வேறு. பில்லைக் குறைக்க என்றால் சாதாரண சோலார் நன்றாகவே உதவும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற மாடி வேண்டும், நாளுக்கு 4 யூனிட் வாக்கில் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் என்று மானியம் வைத்திருக்கிறார்கள். தகடுகள் விழுத்தும் நிழலால் அவற்றின் கீழே கூரையும் சூடேறாது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு மின்னுகிறது. மீட்டர் கோளாறா?

பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் இருக்கும். முதலில் இன்வெர்ட்டர், செட்டாப் பெட்டி, இணையப் பெட்டி எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்குங்கள். அப்போதும் மின்னினால் டிரிப்பர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் நிற்கிறதோ அந்த லைனில் கசிவு. ஈரம் ஏறிய சுவர், குளியலறை, போர் மோட்டாருக்குப் போகும் வயரின் ஜாயிண்ட், இந்த மூன்று இடங்களில்தான் நான் அதிகம் கண்டுபிடித்திருக்கிறேன். இது பில்லோடு போகிற விஷயம் அல்ல, உயிரை வாங்கும். அன்றே வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். எல்லா டிரிப்பரையும் இறக்கிய பிறகும் மின்னினால், மெயின் சுவிட்சையும் ஒருமுறை அணைத்துப் பார்த்துவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லி மீட்டரைச் சோதிக்கக் கேளுங்கள்.

இரவு பதினோரு மணிக்குத் தெருவே இருட்டாகிறது. அரசாங்கத்திடம் கரண்ட் இல்லையா? நான் ஒருவன் அணைத்தால் என்ன ஆகிவிடும்?

இரண்டும் வேறு வேறு விஷயங்கள். தமிழ்நாடு முழுக்க எவ்வளவு தேவை என்பது ஒன்று. 2024 மே 2-ஆம் தேதி அது 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் கமுதி போன்ற இடங்களின் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது, மாலை ஆறரைக்கு அது நின்றுவிடும். கம்பம் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்று வலுப்பதோ வைகாசிக்கு மேல். அதனால் சித்திரை மாதத்து மாலைதான் நெருக்கடியான நேரம். இஸ்திரி, துணி துவைக்கும் இயந்திரம், மோட்டார் மூன்றையும் பகலுக்கு மாற்றினால், வீட்டுக் கட்டணத்தில் நேரத்துக்கு ஒரு விலை இல்லாததால் உங்கள் பில் குறையாது. ஆனால் மாலைச் சுமை குறையும்.

உங்கள் தெரு இருட்டாவது பெரும்பாலும் தெருமுனை டிரான்ஸ்பார்மரால். 100 கே.வி.ஏ., அதாவது 100 கிலோவாட் வாக்கில் சுமை தாங்கும் டிரான்ஸ்பார்மரில் 50 ஏ.சி. ஒன்றாக ஓடினாலே முக்கால் பங்கு போய்விடும். அதற்குள் இருக்கும் எண்ணெய் இரவுக் காற்றில்தான் ஆற வேண்டும், இந்த மாதங்களில் இரவுக் காற்றும் சூடு. பீஸ் போகிறது. லைன்மேன் வந்து கட்டிவிட்டு இறங்குகிறார். கரண்ட் வந்த நொடியில் எல்லா வீட்டு ஏ.சி.யும் பிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். மறுபடியும் பீஸ் போகிறது. எங்கள் தெருவில் ஒரே இரவில் மூன்று முறை இப்படி நடந்த பிறகு, வீடு வீடாகப் போய்ச் சொன்னோம்: கரண்ட் போனதும் ஏ.சி. சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு கிழக்கு வரிசை ஐந்து நிமிடம் கழித்தும், மேற்கு வரிசை பத்து நிமிடம் கழித்தும் போடட்டும். அடுத்த முறை லைன்மேன் இறங்கிய பிறகு சைக்கிளை எடுக்காமல் வழக்கம்போல் கம்பத்தடியிலேயே காத்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் ஆகியும் விளக்கு அணையாததால் ஏணியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.